பெரிய டயர், பொய் மீட்டர்

தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டி வைக்கும் கடைக்காரரை நாம் சும்மா விடுவதில்லை. நூறு கிராம் வெங்காயம் குறைந்தால் தெருவே கூடிச் சண்டை போடும். அதே தெருவில் இன்னொரு கடையில் ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டி, இனி ஓடப்போகும் ஒவ்வொரு நூறு கிலோமீட்டரிலும் ஒன்பதைக் காணாமல் போகச் செய்து, "சூப்பரா இருக்கு சார்" என்று சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். நாமும் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறோம்.

பெரிய டயர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, சேற்றிலும் மணலிலும் உபயோகமாகவும் இருக்கிறது. என் சண்டை ஒன்றே ஒன்றுதான். டயரின் அளவை மாற்றிவிட்டு மீட்டரைத் திருத்தாமல் விட்டால் அந்த வேலை முடியவில்லை என்று அர்த்தம். முடியாத வேலைக்கு முழுக் காசு வாங்குவதும் தப்பு, அந்த வண்டியைத் தெரிந்தே ஓட்டுவதும் தப்பு.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு

மீட்டருக்குச் சாலையின் நீளம் தெரியாது. அதற்குத் தெரிந்தது சுற்றுகளை எண்ணுவது மட்டும்தான். சக்கரமோ, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டோ இத்தனை சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர் என்று தயாரிப்பாளர் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட டயர் அளவுக்கு மட்டுமே பொருந்தும்.

எல்லோருக்கும் தெரிந்த மாருதி ஜிப்ஸியையே எடுத்துக்கொள்வோம். ஜிப்ஸி கிங்கில் வந்த டயர் 205/70 ஆர்15. இதில் 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. ஆக ரிம் 381 மி.மீ., மேலும் கீழும் பக்கச்சுவர் சேர்த்து 287 மி.மீ., மொத்த விட்டம் 668 மி.மீ.

ஜிப்ஸிக்காரர்கள் ஆசைப்பட்டு மாற்றும் அளவுகளில் ஒன்று 235/75 ஆர்15. இதே கணக்கைப் போட்டால் விட்டம் 733.5 மி.மீ. வருகிறது. வித்தியாசம் 65.5 மி.மீ., அதாவது 9.8 சதவீதம்.

பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 476 சுற்று சுற்றும். புதியது 434 சுற்றிலேயே அந்த தூரத்தை முடித்துவிடும். (வண்டியின் எடையில் டயர் கொஞ்சம் அமுங்கும் என்பதால் உண்மையான சுற்றுகள் சற்றே கூடும். அது இரண்டுக்கும் பொது, விகிதம் பெரிதாக மாறாது.) மீட்டர் பாவம், இன்னமும் 476 சுற்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். விளைவு இதோ:

மீட்டர் 60 காட்டினால் நீங்கள் போவது 66.
மீட்டர் 80 காட்டினால் நீங்கள் போவது 88.
மீட்டர் 100 காட்டினால் நீங்கள் போவது 110.
வண்டி 100 கி.மீ. ஓடினால் ஓடோமீட்டரில் ஏறுவது 91.

வேகம் குறைவாகத் தெரிகிறது, ஓடிய தூரமும் குறைவாகத் தெரிகிறது. இரண்டு பொய்யும் ஓட்டுகிறவர் விரும்பிக் கேட்கும் பொய்கள். இது இத்தனை நாள் யாருக்கும் உறுத்தாமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

எட்டு கிலோமீட்டர்தானே?

80க்கும் 88க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். வண்டியை நிறுத்தும்போது தெரியும். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் 9.8 சதவீதம் கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 20 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது.

அதோடு முடியவில்லை. பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் பழைய அளவுதான். டயரின் ஆரம் கூடிவிட்டதால், பெடலை அதே அளவு அழுத்தினால் சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசை சுமார் 9 சதவீதம் குறைந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மீட்டரில் அதே 80, காலில் அதே அழுத்தம், ஆனால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் முன்பைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். குறுக்கே வரும் பள்ளிக்கூடப் பையனுக்கு உங்கள் டயர் சைஸ் தெரியாது.

புதிய கார்களில் இன்னொரு சங்கதி. 2019 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் தயாரான கார்களில் வேக எச்சரிக்கை ஒலி கட்டாயம். 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் அடிக்கும். அந்த ஒலிக்கும் வேகம் தெரிவது சக்கரச் சுற்றுகளை வைத்துத்தான். பத்து சதவீதம் பெரிய டயர் போட்டால் 80ல் அடிக்க வேண்டிய மணி 88ல் அடிக்கும், 120ல் அடிக்க வேண்டியது 132ல் அடிக்கும். உயிரைக் காக்க வைத்த மணியை நாமே தாமதப்படுத்திவிட்டு, "கம்பெனி சேஃப்டி ஃபீச்சர் எல்லாம் சும்மா" என்று திட்டவும் செய்கிறோம்.

அபராதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி காரில் அதிவேகமாகப் போனால் குறைந்தது 1,000 ரூபாய். சாலையோரக் கேமராவிடம் போய் "என் மீட்டர் 80தான் சார் காட்டுச்சு" என்று வாதாட முடியாது.

ஓடோமீட்டர் யாருடைய சொத்து?

வேகமாவது உங்கள் பிரச்சினை, உங்கள் முன்னால் வருபவர் பிரச்சினை. ஓடோமீட்டர் நாளைக்கு இந்த வண்டியை வாங்கப் போகிறவருடைய பிரச்சினையும்கூட.

என் வகுப்புத் தோழன் ஒருவன் அண்ணனுடன் பழைய ஜிப்ஸி பார்க்கப் போனான். நானும் ஒட்டிக்கொண்டேன். மீட்டரில் 92,000. டயர் 235/75. "டயர் எப்ப சார் மாத்தினீங்க?" என்று கேட்டோம். "அது ஆச்சு நாலஞ்சு வருஷம்" என்றார் உரிமையாளர். "மீட்டர் அட்ஜஸ்ட் பண்ணீங்களா?" என்றதும் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது போல முகம் மாறிவிட்டது. "மீட்டர்ல எல்லாம் நாங்க கை வெக்க மாட்டோம் தம்பி!"

அவர் நேர்மையாகத்தான் சொன்னார். ஆனால் கணக்கைப் பாருங்கள். 30,000ல் டயர் மாற்றியிருந்தால், அதன்பின் மீட்டரில் ஏறிய 62,000க்குப் பின்னால் ஏறக்குறைய 6,100 கி.மீ. ஒளிந்திருக்கிறது. 70,000ல் மாற்றியிருந்தால் 2,200 கி.மீ.தான். எது உண்மை என்று அவருக்கே தெரியாது. அளவு தெரிந்த தவறை ஒரு பெருக்கல் போட்டுச் சரிசெய்துவிடலாம். எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாத தவறை ஒன்றும் செய்ய முடியாது. மீட்டரில் கை வைக்காத அந்த நல்ல மனிதர், மீட்டர் எண்ணும் சக்கரத்தில் கை வைத்துவிட்டார். பலன் ஒன்றுதான்.

ஆட்டோ மீட்டருடன் ஒப்பிட்டால் இன்னும் சிரிப்பு வரும். கட்டண மீட்டரை எடையளவுத் துறை பரிசோதித்து முத்திரை வைக்க வேண்டும், குறித்த காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். (மீட்டர் போடுகிறார்களா என்பது வேறு கதை :-) ) ஐம்பது ரூபாய் சவாரிக்கு அரசாங்க முத்திரை. லட்சக்கணக்கில் விலை பேசப்படும் பழைய வண்டியின் ஓடோமீட்டருக்கு எந்த முத்திரையும் இல்லை.

எதிர்வாதங்கள்

இதைப் பேசும்போதெல்லாம் சொல்லி வைத்தது போல நான்கு பதில்கள் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "கம்பெனி மீட்டரே கூடத்தான் காட்டும். பெரிய டயர் போட்டா சரியாப் போயிடும்."

நான்கில் இதுதான் விஷயமுள்ள வாதம். பாதி உண்மையும் கூட. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39ஆம் எண் விதிப்படி, ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு 4 கி.மீ. நிஜமாக 80ல் போகும்போது 92 வரை காட்டலாம், 79 காட்டக் கூடாது. அதனால் தயாரிப்பாளர்கள் முள்ளைக் கொஞ்சம் முன்னால் தள்ளியே வைக்கிறார்கள்.

ஆனால் உங்கள் வண்டியில் எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் அளந்தீர்களா? மூன்று சதவீதம் கூடுதலாகக் காட்டும் மீட்டரில் பத்து சதவீதம் பெரிய டயரைப் போட்டால் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்று தீர்த்து எதிர்ப்பக்கம் போய்விடும்.

அதைவிட முக்கியமான ஒன்று. முள்ளும் ஓடோமீட்டரும் ஒரே கண்ணாடிக்குள் இருந்தாலும் ஒரே ஆள் இல்லை. 1902ல் ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை பெற்ற அமைப்புதான் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க ஓடியது. கேபிளின் முனையில் ஒரு காந்தம் சுழலும், அது அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், கிண்ணத்தோடு முள் திரும்பும், ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். முள் எவ்வளவு காட்ட வேண்டும் என்பது அந்த வில்லின் விறைப்பில் இருக்கிறது. ஓடோமீட்டரோ அதே கேபிளில் நேரடியாகப் பல்சக்கரங்களால் ஓடுகிறது. முள்ளைத் தள்ளி வைத்தாலும் ஓடோமீட்டர் தன் பாட்டுக்குச் சுற்றுகளை எண்ணும். இன்றைய எலெக்ட்ரானிக் மீட்டரிலும் இப்படித்தான், முள்ளுக்குத் தனிக் கணக்கு, தூரத்துக்குத் தனிக் கணக்கு. ஆகவே பெரிய டயரால் முள் தற்செயலாகச் சரியான இடத்துக்கு வந்தாலும், அதுவரை ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்த ஓடோமீட்டர் அன்றிலிருந்து தப்பாக எண்ணத் தொடங்கும்.

2. "போன்ல ஜிபிஎஸ் இருக்கே, அதுல பாத்துக்கலாம்."

வேகத்துக்குச் சரி. நீண்ட பயணத்தில் பார்ப்பீர்கள், தினமும் கடைக்குப் போகும்போது பார்ப்பீர்களா? ஜிபிஎஸ் உங்கள் ஓடோமீட்டரில் ஒரு எண்ணைக்கூடத் திருத்தாது. 5,000 கி.மீ.க்கு ஆயில் மாற்ற வேண்டிய இடத்தில் 5,490ல் மாற்றுவீர்கள். டைமிங் பெல்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் இதே தாமதம்தான்.

3. "பெரிய டயர் போட்டதும் மைலேஜே விழுந்துடுச்சு, இதுக்கு மேல மீட்டருக்கு வேற செலவா?"

மைலேஜ் விழுந்தது எப்படித் தெரியும்? அதே பொய் மீட்டரை வைத்துத்தானே? 30 லிட்டருக்கு மீட்டர் 300 கி.மீ. காட்டினால் "பத்துதான் குடுக்குது" என்று புலம்புவீர்கள். நிஜத்தில் வண்டி 329 கி.மீ. ஓடியிருக்கும், கிட்டத்தட்ட 11 கொடுத்திருக்கிறது. கனமான டயரால் மைலேஜ் கொஞ்சம் குறைவது உண்மைதான். எவ்வளவு குறைந்தது என்று சொல்ல உங்களிடம் சரியான அளவுகோல் இல்லை.

4. "மீட்டர்ல கை வெச்சா அது மோசடி."

ஜிப்ஸிக்காரர் சொன்ன பதில். ஏறிய எண்ணைப் பின்னால் திருப்புவது மோசடி, சந்தேகமே இல்லை. இனி ஓடப்போகும் தூரத்தைச் சரியாக எண்ணச் சொல்வது அதற்கு நேர் எதிர். மீட்டர் மோசடிக்கு எதிராக 1972லேயே தனிச் சட்டம் போட்ட அமெரிக்கா இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. காட்டும் எண்ணை மாற்றாமல் ஓடோமீட்டரைப் பழுது பார்க்கலாம். அது முடியாவிட்டால் சைபரில் வைத்து, பழைய எண்ணையும் தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஓடிய தூரத்திலிருந்து வேறுபட்ட தூரத்தைப் பதிய வைக்கும் கருவியை விற்பதும் பொருத்துவதும் குற்றம். இந்தக் கடைசி வரியை அந்த நாட்டு நீதிமன்றங்கள் டயருக்குப் பொருத்துமா என்பது வழக்கறிஞர்கள் விஷயம். அதன் நியாயத்தை எடுத்துக்கொண்டால், திருத்தப்படாத மீட்டருக்குக் கீழே சுழலும் பெரிய டயர் அப்படிப்பட்ட ஒரு கருவிதான்.

திருத்த முடியுமா?

பெரும்பாலும் முடியும். எப்படி என்பது வண்டியைப் பொறுத்தது.

கேபிள் மீட்டர் உள்ள பழைய ஜீப்களில் கியர்பாக்ஸிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ ஒரு சின்ன மீட்டர் பினியன் கேபிளைச் சுழற்றுகிறது. அதில் பல் குறைந்தால் கேபிள் வேகமாகச் சுழலும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். 34 பல் இருந்தால், 9.8 சதவீதப் பெரிய டயருக்கு 31 பல் போட்டால் கணக்கு சரியாகும். அமெரிக்க ஜீப் ரேங்ளரின் பழைய மாடல்களுக்கு வெவ்வேறு பல் எண்ணிக்கையில் இந்தப் பினியன் சாதாரணமாகக் கடையில் கிடைக்கும். அங்கே டயர் மாற்றுபவர்கள் இதையும் சேர்த்தே வாங்குகிறார்கள். பொருத்தமான பினியன் கிடைக்காத வண்டிக்குக் கேபிளின் நடுவே ஒரு சிறு பல்சக்கரப் பெட்டி வைத்து விகிதத்தை மாற்றலாம். இதில் ஒரு வசதி என்னவென்றால், கேபிளில் திருத்தினால் முள்ளும் ஓடோமீட்டரும் ஒரே விகிதத்தில் திருந்தும்.

சென்சார் வைத்த வண்டிகளில் சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே துடிப்புகளைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சிறு பெட்டி போதும்.

ஏபிஎஸ் சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் புதிய கார்களில் டயர் சுற்றளவு கம்ப்யூட்டருக்குள் ஒரு எண்ணாக இருக்கிறது. சில வண்டிகளில் ஸ்கேனர் மூலம் அதை மாற்றலாம். சிலவற்றில் தயாரிப்பாளர் பூட்டி வைத்திருப்பார். பூட்டியிருந்தால் அந்த வண்டிக்கு அந்த டயர் சைஸ் வேண்டாம், அவ்வளவுதான். விட்டம் மாறாத சைஸ் எத்தனையோ இருக்கிறது. மாருதி ஸ்விஃப்டில் கம்பெனியே ஒரு வேரியண்டுக்கு 165/80 ஆர்14, இன்னொன்றுக்கு 185/65 ஆர்15 கொடுத்தது. ரிம் ஒரு அங்குலம் பெரிது, டயர் 20 மி.மீ. அகலம். விட்டமோ 619.6க்கும் 621.5க்கும் நடுவில், வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அழகும் கிடைத்தது, மீட்டரும் தப்பித்தது.

பைக் வைத்திருக்கும் என் வயது நண்பர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கேபிள் மீட்டர் உள்ள நம்மூர் பைக்குகளில் பெரும்பாலும் கேபிள் முன்சக்கர ஹப்பிலிருந்துதான் வருகிறது. பின்னால் மட்டும் தடிமனான டயர் போட்டால் மீட்டர் மாறாது. முன் டயரின் உயரம் மாறினால்தான் மாறும். கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் பைக் என்றால் பின் டயரும் கணக்கில் வரும், ஸ்ப்ராக்கெட் மாற்றினாலும் வரும்.

நான் கேட்பது இவ்வளவுதான்

சில நூறு ரூபாய் சைக்கிள் மீட்டர் வாங்கினால், அது வேலையைத் தொடங்குமுன் சக்கரத்தின் சுற்றளவைத்தான் கேட்கும். அந்தக் குட்டி மெஷினுக்குத் தெரிந்த நாகரிகம் பல லட்ச ரூபாய் வண்டிக்கு டயர் மாட்டும் கடைக்குத் தெரியாதா? தெரியும். சொன்னால் செலவைக் கேட்டு வாடிக்கையாளர் தயங்குவார் என்ற பயம். அதனால்தான் டயர், அலாய், வீல் அலைன்மென்ட், நைட்ரஜன் வரை பில்லில் வருகிறது, மீட்டர் திருத்தம் மட்டும் வருவதில்லை.

டயர் கடைகளுக்கு: பழைய விட்டம், புதிய விட்டம், சதவீத வித்தியாசம் மூன்றையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை. மீட்டரைத் திருத்த முடியாத வண்டிக்கு விட்டம் மாறும் டயரை விற்காதீர்கள். நான்கு டயர் விற்பனை போகும் என்பது எனக்குத் தெரியும். போகட்டும்.

ஓட்டுகிறவர்களுக்கு: மாற்றிய அன்றைய தேதி, மீட்டர் எண், இரண்டு டயர் அளவுகள் எல்லாவற்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதுங்கள். திருத்தியபின் சரிபார்க்க மெக்கானிக் வேண்டாம். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி டேப்பால் அளங்கள், சுற்றளவு கிடைத்துவிடும். நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர் கல்லைத் தாண்டி ஓடோமீட்டரில் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம், டயர் தேய்வதிலேயே அவ்வளவு மாறும். ஒன்பது மாறினால் வேலை பாக்கி இருக்கிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு: ஓடோமீட்டரைப் பார்க்குமுன் குனிந்து டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். வண்டியோடு வந்த அளவு ஓட்டுநர் கையேட்டில் இருக்கும், பல கார்களில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியும் இருக்கும். இரண்டும் வேறாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மீட்டரை எப்போது திருத்தினீர்கள்?" பதில் வரவில்லையென்றால் அந்த எண்ணை நம்பி விலை பேசாதீர்கள்.